வேலை போய்விடும் என்ற பயமும் அரசியல்தான்

ஆசிரியருக்கு,

பயத்தை ஆயுதமாக்கும் அரசியல் குறித்த உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். அச்சம் கொடுங்கோலர்களின் கருவி, அரசின் அதிகாரத்தைப் பிரித்து வைத்தால் அது விலகிவிடும் என்பது அதன் சாரம். தாராளவாதச் சிந்தனையின் பழைய நம்பிக்கை இது. கொடுங்கோலாட்சியை இயக்குவது அச்சமே என்று 1748-லேயே எழுதினார் பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ. சரி, ஆனால் அமெரிக்காவில் 1947-இல் கம்யூனிஸ்ட் ஆதரவாளர்களைக் களையெடுக்க, அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்குமாறு அதிபர் ட்ரூமன் உத்தரவிட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். அதிகாரப் பிரிவினை, நீதிமன்றங்கள், தேர்தல் எல்லாம் அங்கே இருந்தன. அப்படியும் பலர் வாயடைத்துப் போனார்கள். சிறைக்குப் போனவர்களைவிட வேலையை இழந்தவர்கள் பல மடங்கு அதிகம். அதே ஆண்டில் ஹாலிவுட்டில், கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு வேலை மறுக்கும் கறுப்புப் பட்டியலைத் தொடங்கி வைத்தவர்கள் தனியார் ஸ்டுடியோ முதலாளிகள். அரசை மட்டுமே கண்காணிக்கும் சிந்தனைக்கு இந்தப் பயம் கண்ணில் படுவதே இல்லை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கூடுதல் நேர ஊதியம் கேட்டு ஒரு மனு தயாரானது. படித்த எல்லோரும் நியாயம் என்றார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. தாள் மேசை மேசையாகச் சுற்றியது, கையெழுத்து மட்டும் விழவில்லை. யாரும் மிரட்டவில்லை, மிரட்டத் தேவையும் இருக்கவில்லை. காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நீக்குவதையும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதையும் தடுக்கும் வலுவான சட்டம் வேண்டும் என்று உங்கள் நாளிதழ் தொடர்ந்து வலியுறுத்த வேண்டும். பேச்சுரிமை பற்றிய அடுத்த தலையங்கத்திலேயே அதைத் தொடங்கலாம்.

ஒரு வாசகர்