மேஜிக் சாமான் விற்கும் அண்ணாச்சிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மேஜிக் சாமான் செய்தும் தருவித்தும் விற்கும் அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

புதுச் சாமான் வந்ததும் நீங்கள் அனுப்பும் வீடியோவெல்லாம் காற்று வராத அறையில், கேமராவை நேர் எதிரே வைத்து எடுத்தவை. நெல்லைச் சீமையில் கோயில் கொடைத் திருவிழா மேடைக்கு மூன்று பக்கமும் ஆள் இருக்கும். முன்னால் மண்ணில் உட்காரும் பிள்ளைகள் மேடைப் பலகையில் தாடையை ஊன்றி அண்ணாந்து பார்ப்பார்கள். உள்ளங்கையில் இருப்பது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். ஆகவே எதிரே, பக்கவாட்டில், தரையிலிருந்து என மூன்று இடத்திலும் கேமரா வைத்து, வெட்டாமல் எடுத்து அனுப்புங்கள். கீழிருந்து பார்த்தால் தெரியும் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். கல்யாண மண்டபத்துக்கு மட்டும் போதும் என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகள் சும்மா சுற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நூலை நம்பிய சாமானை ஆறடி தள்ளி மேசை விசிறி ஓடவிட்டு 20 தடவை செய்து பாருங்கள். எத்தனை தடவை அறுந்தது என்ற எண்ணைப் பெட்டிமேல் அச்சடியுங்கள். பக்கத்திலிருந்து ஃபோகஸ் விளக்கு விழுந்தால் நூல் மின்னும்; வெறும் கறுப்புத் திரை அதை இன்னும் எடுத்துக் காட்டும். பூப்போட்ட திரையானால் கொஞ்சம் தப்பலாம்.

காசுச் சாமானில்தான் பணம் அதிகம் வீணாகிறது. அமெரிக்க அரை டாலர் 30.6 மில்லிமீட்டர், நம் பத்து ரூபாய் 27. அரை டாலருக்கென்று செய்த கூட்டில் பத்து ரூபாயைப் போட்டால் கடகடக்கும். மைக் பக்கத்தில் இருந்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும். காந்தம் வைத்தது என்றால் இன்னொரு வம்பு. எஃகு ஒரு ரூபாய் ஒட்டும், பழைய தடித்த ஐந்து ரூபாய் ஒட்டாது. பார்க்க வந்தவர் மடியிலிருந்து எதை எடுத்து நீட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? எந்தக் காசுக்குச் செய்தது என்று ஒரு வரி போடுங்கள். விரலில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சாமான் (தெரிந்தவர்களுக்குத் தெரியும்) வெள்ளைக்காரத் தோல் நிறத்திலேயே வருகிறது. மூன்று மாநிறத்தில், பளபளப்பில்லாமல் வார்த்துக் கொடுத்தால் சாயம் தடவும் வேலை மிச்சம்.

தீராத் தண்ணீர்ச் செம்புக்கு ஒவ்வொரு ஊற்றுக்கும் எத்தனை மில்லி வரும், மறுபடி ஊறி வர எத்தனை விநாடி ஆகும் என்று அளந்து எழுதுங்கள். நிரப்பி ஒரு மணி நேரம் பழைய தாள்மேல் வைத்தால் பற்று வைத்த இடத்தின் கசிவு தெரிந்துவிடும். திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீரில் உள்துளை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பித்தளையானால் புளிக்கரைசல் போதும். உள்ளே கலாய் பூசியதா என்பதையும் சொல்லுங்கள்.

நொடியில் எரியும் தாளைப் பற்றி இவ்வளவுதான்: ஈரமாகவே அனுப்புங்கள், காயவைக்கும் முறையைத் தமிழில் எழுதுங்கள், ஓலைப் பந்தலுக்குக் கீழே கூடாது என்று சிவப்பு எழுத்தில் போடுங்கள்.

பட்டுக் கைக்குட்டை என்று விற்றுவிட்டுப் பாலியஸ்டர் அனுப்புகிறவர்களே, 18 அங்குலப் பட்டு பிடிக்குள் அடங்கும், விட்டதும் விரியும். உங்களுடையது அடங்குவதுமில்லை. மாற்றித் தருவதற்கு எத்தனை நாள் அவகாசம் என்பதையும் பில்லில் அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமை மேடை மேஜிக்காரர்கள்