அண்ணனின் இரவு கரையில் இல்லை: ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்தில் மனநல சிகிச்சையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், யாழ்ப்பாணச் சிறையில் இருந்துவிட்டு வருகிற மீனவர்களின் நிலைமை நீங்கள் அறியாததல்ல. என் அண்ணனும் அப்படி வந்தவர்தான். வந்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. தூரத்தில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. பிள்ளைகளோடு பேச்சும் குறைந்துவிட்டது.

ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். பாலம் தாண்டி இரண்டு பஸ், வரிசையில் மூன்று மணி நேரம். டாக்டர் முன்னால் உட்கார்ந்தது மூன்று நிமிடம். "தூக்கம் வருதா? பசிக்குதா?" என்று கேட்டார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது அவரும்தான் என்ன செய்வார்? சீட்டில் "இரவு 1" என்று இருந்தது.

அந்த "இரவு 1" பற்றித்தான் இந்த மடலே. அண்ணனின் இரவு கரையில் இல்லை. காலையில் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிற விசைப்படகு மறுநாள் காலையில்தான் திரும்பும். ராத்திரி முழுக்க மடி வலையை இறக்குவதும் இழுப்பதும்தான் வேலை. மாத்திரை போட்டுக்கொண்டு, வலைக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் பக்கத்தில் நின்றவருக்குக் கண் சொருகிவிட்டது. கயிற்றில் கை சிக்கி, இரண்டு விரல் நகம் பிய்ந்து வந்தது. கூட நின்ற பையன் இழுத்துப் போட்டதால் கை தப்பியது. அன்றைக்கே மிச்ச மாத்திரையைக் கடலில் எறிந்துவிட்டார். அடுத்த சில நாள் படபடப்பு, தலைசுற்றல், முன்பைவிட மோசமாகத் தூக்கமின்மை. அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சித்தி பல வருடமாக லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவதில்லை, கடையும் நடத்துகிறார். அவருக்குப் பேச்சு மட்டும் போதாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப்போன மாவட்டம் இது. மருந்தின் அருமை எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அண்ணனை வாட்டுவது அனுபவித்த பயம். இதற்கு, நடந்ததைப் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் சிறிது சிறிதாகப் பேசிக் கடந்துவரும் சிகிச்சையைத்தான் மருத்துவ வழிகாட்டுதல்கள் முன்னால் வைக்கின்றன. வாரம் ஒரு தடவை, பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு தடவை. சிலருக்குக் கூடவே மாத்திரையும் வேண்டியிருக்கும். மாத்திரையா, பேச்சு சிகிச்சையா, இரண்டுமா என்பதை அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நாங்கள் கேட்பது இதுதான்.

கேட்டோம். "கவுன்சிலிங்" என்று ஓர் அறைக்கு அனுப்பினார்கள். "குடிக்காதீங்க, பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க" என்று பத்து நிமிடம் புத்தி சொன்னார்கள். அண்ணன் குடிப்பவரே இல்லை. அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைத்தோம். பொறுமையாகக் கேட்டார்கள், நன்றி. ஆனால் எங்களுடையது ஒரே அறை வீடு. அம்மாவும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க அவர் எதைச் சொல்வார்? போனை என்னிடமே கொடுத்துவிட்டார்.

விடுதலையாகி விமான நிலையத்தில் இறங்கிய அன்று வரவேற்க எத்தனை பேர், எத்தனை சால்வை, எத்தனை போட்டோ! அதன் பிறகு எங்கள் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. படகு போனால் கணக்கெடுக்கிறார்கள், வலை போனால் கணக்கெடுக்கிறார்கள். தூக்கம் போனதை யார் எழுதிக்கொள்கிறார்கள்?

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, என்ன சிகிச்சை, அதன் பக்கவிளைவு என்ன என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. சட்டத்தில் இருப்பதைத்தான் தயவுசெய்து தாருங்கள் என்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் ஆண்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். வாரம் ஒரு தடவை என்றால் எட்டு தடவை உட்கார்ந்து பேசிவிடலாம். அந்த எட்டு வாரம், தீவுக்குள்ளேயே, கதவு சாத்திய ஓர் அறையில் ஓர் உளவியலாளரை அமர்த்துங்கள். மாத்திரை எழுதும் மருத்துவரும் அவரும் கலந்து பேசட்டும். பேச்சா, மாத்திரையா, இரண்டுமா என்று முடிவு செய்யும்போது அண்ணனும் அங்கே இருக்கட்டும்.

பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எந்தக் கிழமை, எந்த இடம் என்று மட்டும் சொல்லுங்கள். நானே அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மீனவரின் தங்கை,
தங்கச்சிமடம்