ஒத்துப்போகும் என்று சொல்லி விற்ற தரைமீன் செட்: புகாரும் நஷ்டஈட்டுக் கோரிக்கையும்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கிளையில் கேட்டால் தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். தலைமை அலுவலகத்துக்குப் போன் அடித்தால் வாங்கிய கிளையிலேயே பேசுங்கள் என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுகிறது, அதோடு சரி. பேசி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் உங்கள் தரைமீன் செட், அதாவது தொட்டியின் தரையில் திரியும் வளர்ப்பு மீன்களின் செட் பற்றியது. கவுண்டருக்குப் பக்கத்தில் 'எல்லா மீனோடும் ஒத்துப்போகும்' என்று அட்டை தொங்குமே, அதேதான். விலை 89 வெள்ளி (ரிங்கிட்). உள்ளே என்னென்ன மீன் இருக்கிறது என்று உங்களுக்கே நான் பாடம் நடத்த வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கோரி என்கிற மீசை வைத்த சின்னக் கெளுத்தி இரண்டு, ஷார்க் என்று பெயர் மட்டும் உள்ள சிறு மீனான ரெட் டெயில் ஷார்க், பாசி தின்னும் சைனீஸ் அல்ஜி ஈட்டர், கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் பண்டாராயா மீன். எங்கள் வீட்டில் இருப்பது மூன்றடித் தொட்டி, அதில் இரண்டு ஏஞ்சல் மீனும் கொஞ்சம் டெட்ரா மீனும் இருக்கின்றன, தரையில் திரிவதற்குச் சாதுவான மீன் வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டேன். உங்கள் ஆள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு இந்தச் செட்டை எடுத்து நீட்டினார். கூடவே வண்ணக் கல் ஒரு பை.

இன்று தொட்டியில் ஒரு கோரிகூட உயிரோடு இல்லை. ஏஞ்சலில் ஒன்று செத்துவிட்டது. மற்றது விலாவில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து ஒரு மூலையில் நிற்கிறது.

கோரி செத்த அன்றே உங்கள் எண்ணுக்குப் பேசினேன். போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. செத்த மீனையும் தொட்டித் தண்ணீரையும் ஈப்போ கிளைக்குக் கொண்டு வாருங்கள், உடனே மாற்றித் தருவோம் என்றார். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ முப்பது கிலோமீட்டர் இருக்கும். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, பழைய சாலை முழுக்க ஜாம். மீனை ஐஸ் பெட்டியில் வைத்து, தண்ணீர் சிந்தாமல் பாட்டிலை மடியில் பிடித்துக்கொண்டு என் மனைவியும் வந்தார். அங்கே கவுண்டரில் இருந்த தம்பி பாட்டிலைத் தொடக்கூட இல்லை. எங்கள் கடையில் வாங்கிய சாம்பிள் பாட்டிலில் கொண்டு வந்தால்தான் டெஸ்ட் செய்வோம் என்றார். சரி, அதையும் அங்கேயே காசு கொடுத்து வாங்கினேன். டெஸ்டில் மீனுக்கு விஷமான அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. அப்புறம் என்னதான் காரணம் என்று கேட்டேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்ன பதில் இது: "பத்து வெள்ளி மீனுக்கா இவ்ளோ டிராமா, அங்கிள்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தத் தம்பிக்கு என் கடைசி மகன் வயதுதான் இருக்கும். தோட்டத்து வாய்க்காலில் பிடித்த செப்பாட் மீனை மைலோ டின்னில் வளர்த்த காலத்திலிருந்து மீனோடு பழகுகிறவன் நான். என்னிடம் மீன் விலையைச் சொல்ல அவர் யார்?

அதோடு விட்டாரா? அந்த பண்டாராயா மீனையாவது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அது ஒரு அடிக்கு மேல் வளரும், என் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது என்றேன். "ஆத்துல விட்டுடுங்க" என்றார். சுங்கை பிளஸ் ஆற்றில்! நம் ஆறுகளில் இந்த மீன் பெருகி உள்ளூர் மீனுக்கு இடமில்லாமல் போகிறது, மீன்வளத் துறை அதைப் பிடித்து அழிக்கப் பாடுபடுகிறது. மீன் விற்கிற கம்பெனி சொல்லிக்கொடுக்கிற வழி இதுதானா?

முதலில் தண்ணீர் சரியில்லை என்றீர்கள், தண்ணீர் சரியாக இருந்தது. அடுத்து குளோரின் என்றீர்கள், குளோரினை நீக்கும் ஆண்டி குளோரினே உங்களிடம் வாங்கியதுதான். கடைசியில் மீன் என்றால் சண்டை போடத்தான் செய்யும் என்று வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு பதில் வந்தது. அப்படியானால் அந்த அட்டை எதற்கு?

ரெட் டெயில் ஷார்க் தரையைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு மற்ற மீனை விரட்டும் என்பது மீன் வளர்க்கும் பிள்ளைகளுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா? சைனீஸ் அல்ஜி ஈட்டர் வளர வளரப் பாசியை விட்டுவிட்டு, ஏஞ்சல் போன்ற தட்டையான மீனின் விலாவில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். இரவில் டார்ச் அடித்து என் மனைவி நேரில் பார்த்தார். கோரி குறைந்தது ஆறு சேர்ந்திருந்தால்தான் பயமில்லாமல் திரியும், செட்டில் நீங்கள் போட்டது இரண்டு. அதுவும் பெப்பர் கோரி. அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துக் குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற மீனை, மத்தியானத்தில் 30 டிகிரியைத் தொடுகிற எங்கள் ஊர்த் தண்ணீருக்கு யார் தேர்ந்தெடுத்தது? வெப்பம் தாங்கும் ஸ்டெர்பை கோரி அதே கடையில் அடுத்த தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தது. மீசையால் மணலைத் துழாவி இரை தேடுகிற மீனுக்கு, ஓரம் கூரான கல்லை விற்றிருக்கிறீர்கள். செத்த இரண்டுக்கும் மீசை தேய்ந்து மொட்டையாக இருந்தது.

செட்டின் விலையை மட்டும் வைத்து என் நஷ்டத்தைக் கணக்குப் போடாதீர்கள். ஏஞ்சல் இரண்டும் காசு அளவில் இருந்தபோது வாங்கி வளர்த்தவை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பதே அந்தத் தொட்டியின் முன்தான். இப்போது வீட்டின் களையே போய்விட்டது. என் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறியதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. பெட்ரோல், மருந்து, அலைச்சல், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 4,000 வெள்ளிக்குக் குறையாது.

ஆனாலும் பேசி முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். செட்டுக்கும் கல்லுக்கும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஏஞ்சலுக்கு நஷ்டஈடு கொடுங்கள். தரைக்கு ஆறு ஸ்டெர்பை கோரியும் மெல்லிய மணலும் கொடுங்கள், இல்லையென்றால் பாம்புபோல் நெளியும் சாதுவான தரைமீன் கூலி லோச் கொடுத்தாலும் சம்மதம். பாசிக்குப் பண்டாராயா மீனின் இனத்திலேயே சின்னதான பிரிஸ்டில்நோஸ் ஒன்று போதும், அது அரை அடியோடு நின்றுவிடும். அந்தத் தம்பி என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் பேரமே கிடையாது.

இரண்டு வாரம் பார்ப்பேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, என்ன தேவைக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். நான் தேவையைச் சொல்லித்தான் வாங்கினேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய 5 வெள்ளி போதும், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். இந்தக் கடிதத்தின் நகல் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் போகும். பத்திரிகைக்கும் எழுதுவேன். அந்த நிலைமைக்குக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ரசீதின் நகலும் செத்த மீன்களின் படமும் இணைத்திருக்கிறேன். பண்டாராயா மீனையும் ஷார்க்கையும் அல்ஜி ஈட்டரையும் எடுத்துப் போக ஆள் அனுப்புங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருப்போம். கவுண்டர் தம்பியை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர் அட்டைக்காரர்
(பெயரும் எண்ணும் ரசீதில் உள்ளன)
சுங்கை சிப்புட், பேராக்