வாசலில் மாட்டும் முன்

அன்புள்ள கதிர்,

உன் கடிதமும், கம்பெனி வாசலில் மாட்ட யாழினி எழுதிய நெறிமுறைக் கொள்கையும் கிடைத்தன. அவள் கம்பெனிப் பொறுப்பை ஏற்றதில் ரொம்ப மகிழ்ச்சி. நாலு பக்கமும் நன்றாகவே எழுதியிருக்கிறாள். ஆனால் ஜாப் ஒர்க், அதாவது வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலைக்கான பில்லுக்கு எத்தனை நாளில் பணம் தருவோம் என்று ஒரு வரிகூட இல்லை. பம்ப் கம்பெனியில் நேர்மையை நான் முதலில் தேடுவது அங்கேதான்.

கோவை கணபதியில் இரண்டு லேத் போட்டு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர் சனிக்கிழமை வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். பில்லுக்கான ஜி.எஸ்.டி.யை, உங்கள் பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். நீங்களோ பணம் கொடுக்கும் முன்பே அந்த வரியைக் கிரெடிட்டாக எடுத்து உங்கள் வரியில் கழித்துவிடுகிறீர்கள். 90 நாள் இழுத்தால் உங்கள் கம்பெனி ஓடுவது அவர் காசில்.

2006-ம் வருஷத்துச் சிறுதொழில் சட்டத்தின்படி, உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. கெடு தாண்டி மார்ச் 31-லும் நிற்கும் பாக்கியை அந்த வருஷச் செலவாக வரியில் கழிக்கவும் முடியாது; கொடுக்கும் வருஷத்தில்தான் முடியும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இப்படி.

தப்பு நடப்பது பெரும்பாலும் ஸ்டோர்ஸில். சரக்கு இறங்கி இருபது நாள் 'இன்ஸ்பெக்‌ஷன் பெண்டிங்' என்று கிடக்கும். பிறகு ஜி.ஆர்.என். என்ற சரக்கு வரவுச் சீட்டைப் போட்டு, அந்தத் தேதியிலிருந்து நாள் எண்ணுவார்கள். சட்டப்படி எண்ண வேண்டியது சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து. குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். போனில் சொன்னது செல்லாது. அதனால் கேட்டில் போடும் என்ட்ரி தேதியே பில்லிலும் ஏறட்டும். சப்ளையர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உத்யம் எண்ணும் கெடு நாளும் இருக்கட்டும். 30 நாள் தாண்டிய பில்கள் திங்கள்தோறும் அவள் மேஜைக்கு வரட்டும்.

இன்னொன்றையும் அவள் விசாரிக்க வேண்டும். இந்தக் கெடுவிலிருந்து தப்பிக்க, 'உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்' என்று சப்ளையரிடம் சொல்லும் பர்ச்சேஸ் ஆட்கள் உண்டு. எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம் இது. ஆனால் அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. சப்ளையரிடம் எத்தனை நாள் கடனுக்குச் சரக்கு வாங்கினார்கள் என்று பார்த்து இன்சென்டிவ் கொடுத்தால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? அந்த அளவுகோலை எடுத்துவிட்டு, கெடுவுக்குள் போன பில் எத்தனை என்று பார்க்கச் சொல்.

உன் முழங்கால் வலி இப்போது எப்படி? தீபாவளிக்கு வரும்போது நேரில் பேசலாம். அதற்குள் 45 நாள் தாண்டிய பாக்கிப் பட்டியலை எடுத்து, மேலே இருக்கும் பத்துப் பேருக்கு யாழினியே போன் பண்ணி எந்தத் தேதியில் பணம் வரும் என்று சொல்லட்டும். கொள்கையை வாசலில் மாட்டுவது அதற்குப் பிறகு.

அன்புடன்,
முருகேசன்