பதினேழாவது கேள்வி

பணியில் சேர்வோருக்கான படிவங்களைத் தயாரிக்கும் மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம். "தங்களுக்கு மனநோய் ஏதேனும் உள்ளதா? முன்பு இருந்ததா? ஆம் / இல்லை." நான் கடைசியாக நிரப்பிய படிவத்தில் இது பதினேழாவது கேள்வி. நிறுவனத்துக்கு நிறுவனம் எண் மாறும், கேள்வி மாறாது. எனக்கு இருமுனைக் கோளாறு; மனநிலை சில காலம் அளவுமீறி உயர்ந்தும் சில காலம் ஆழ்ந்து தாழ்ந்தும் போகும் நோய். பதினோரு ஆண்டுகளாக அதற்கான லித்தியம் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகவும் பதில் எழுதிப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முதல் முறை 'ஆம்' என்றேன். படிவத்தை வாங்கியவர் என் கண் முன்னே மூன்று பிரதிகள் எடுத்தார். ஒரு பிரதி இயந்திரத்தின் தட்டிலேயே கிடந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வேலை உறுதி என்று முந்தைய வாரமே சொல்லியிருந்தார்கள். அதன்பின் எப்போது தொலைபேசியில் கேட்டாலும், "மேலிடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்பதே பதில். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

அடுத்த இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். லித்தியம் எடுப்பவர்கள் பலருக்குக் கை லேசாக நடுங்கும். கையெழுத்தின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது. "முதல் நாள் பதற்றமா?" என்று சிரித்தார் எதிரில் இருந்தவர். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை இரண்டு ஆண்டுகள் கட்டிக்காக்க வேண்டியிருந்தது. இரத்தத்தில் லித்தியத்தின் அளவைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். அதுவும் கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு ஆய்வகத்தில் நிற்க வேண்டும். எனவே ஒரு முறை பல்வலி, மறுமுறை வீட்டில் குழாய் உடைப்பு, மீண்டும் பல்வலி. என் பற்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிறகு, ஆண்டுக் கணக்கு முடிப்பதற்காக மூன்று வாரம் இரவுப் பணி. மற்றவர்களுக்குத் தூக்கம் கெட்டால் அலுப்பு. எங்களுக்கு அதுவே மிகையெழுச்சிக்கு, அதாவது மனம் கட்டுக்கடங்காமல் பொங்கும் நிலைக்கு, கதவைத் திறந்துவிடும். ஐந்தாம் நாள் தூக்கமே தேவைப்படவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு நிறுவனத்தையே மாற்றியமைக்கும் நாற்பது பக்கத் திட்டம் ஒன்றை மேலாளருக்கு அனுப்பினேன். அந்த வாரமே மருத்துவமனை. பார்க்க வந்த மேலாளர், "முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். அவருடைய வருத்தம் உண்மையானது. ஆனால் எதை, யாரிடம் சொல்வது? அந்த நிறுவனம் என்னிடம் கேட்டது நோயின் பெயரை மட்டும்தான்.

பெயரைத் தெரிந்துகொண்டு என்ன செய்வீர்கள்? ஒரே நோய் உள்ள இருவரில் ஒருவருக்கு எதுவுமே தேவைப்படாமல் இருக்கலாம். "இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" என்று கேளுங்கள். என் பதில் இரண்டு வரி: இரவுப் பணி வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு காலை தாமதமாக வருவேன். விமானம் ஓட்டுபவருக்கு அதற்கென்றே மருத்துவப் பரிசோதனை உண்டு, அது வேறு. நான் கணக்கு எழுதுபவள்.

இது என் ஆசை மட்டுமல்ல. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்லும் முன் இத்தகைய கேள்வியைக் கேட்கக் கூடாது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும், சில விலக்குகளோடு, அதையே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006) நீண்டகால மனநலக் குறைபாட்டையும் கணக்கில் சேர்த்து, பணியிடத்தில் நியாயமான ஏற்பாடுகள் வேண்டும் என்கிறது.

கேள்வியை மாற்றும்போது, பதிலைப் படிக்கப்போவது யார் என்பதையும் அதன் கீழேயே அச்சிடுங்கள். எங்களில் பலர் பொய் சொல்வது நோய்க்கு வெட்கப்பட்டு அல்ல. அந்தத் தட்டில் கிடக்கும் பிரதிக்குப் பயந்து.

வரும் திங்கட்கிழமை புதிய வேலையில் சேர்கிறேன். பதினேழாவது கேள்வியை நிரப்பாமல் விட்டிருக்கிறேன். அந்த இரண்டு வரியையும் தனித்தாளில் எழுதி உறையில் இட்டு ஒட்டியாயிற்று. உறையின் மேல் யார் பெயரை எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவில் சேரவிருப்பவள்