ஒத்திகைக் கதவைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் வயலினும் பியானோவும் பழகும் பிள்ளைகள் வருடாவருடம் லண்டன் நிறுவனங்களான றோயல் ஸ்கூல், ட்ரினிற்றி ஆகியவற்றின் இசைப் பரீட்சைகளுக்குத் தோற்றுகிறார்கள். ஆனால், முழு ஓகெஸ்ட்ராவை ஒருதரமேனும் நேரில் கேட்காமலே உயர் தரங்களைச் சித்தியடைந்துவிடுபவர்கள் பலர். பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைக் கைத்தொலைபேசியில் கேட்டுத்தான் என் மகளுக்குத் தெரியும். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் டபுள் பாஸ் என்ற தாழ்ந்த சுருதிப் பெருந்தந்தி வாத்தியம் வாசிப்பது காதில் விழுவதே இல்லை.

1895இல் லண்டனில் தொடங்கிய ப்ரொம்ஸ் இசைவிழாவில் நின்று கேட்பவர்களுக்கு இன்றும் மலிவு ரிக்கெற் உண்டு. அண்மைய வருடங்களில் 8 பவுண். சென்னை மார்கழி சீசனில் பல சபாக்களின் காலை, மதியக் கச்சேரிகள் இலவசம். வேறெங்கும் போவானேன்? கோயில் வீதி மணலில் குந்தியிருந்து விடிய விடிய மேளச்சமா கேட்ட எங்கள் ஊரில், தவிலைக் கேட்க எவரும் காசு கேட்டதில்லை. அதனால்தான் இங்கே பாமரனுக்கும் தாளம் பிடிபட்டது.

இலங்கை சிம்பொனி இசைக்குழு 1958 முதல் கொழும்பில் இயங்குகிறது. மாணவருக்கு ரிக்கெற்றைப் பாதி விலைக்குத் தந்தாலும் எங்களுக்குப் போதாது. கச்சேரி முடிய இரவாகிவிடும். கூடப் போகும் பெற்றோருக்கும் சேர்த்துப் பயணச்செலவு, ஓர் இரவுத் தங்கல், இரண்டு நாள் பள்ளி இழப்பு. எனவே கச்சேரிக்கு முந்திய பகல்நேர ஒத்திகையை மாணவருக்குத் திறந்துவிடுமாறு கேட்கிறேன். உண்மையில் படிக்கிற பிள்ளைக்கு அதுதான் பெரிய வகுப்பு. இசைக்குழுவை நடத்துபவர் இடையில் நிறுத்தி, இரண்டாம் வயலின் பிரிவினரை மட்டும் நாலு வரி திருப்பி வாசிக்கச் சொல்லும்போது, முழுக் கச்சேரியில் மறைந்துபோகும் நுட்பங்கள் தனியே கேட்கும்.

இன்னொன்று, குழுவையே இங்கே அழைப்பது. யாழ் நகரில் திருவள்ளுவர் கலாசார மையத்தில் 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு இருக்கிறது. முழுக் குழுவாக எழுபது பேரை வரவழைக்க வேண்டியதில்லை. மோசார்ட் 1787இல் எழுதிய 'சிறு இரவிசை' போன்றவற்றைத் தந்தி வாத்தியக்காரர் பத்துப் பதினைந்து பேரே நிறைவாக வாசிக்கலாம். மாலையில் ரிக்கெற் வைத்துக் கச்சேரி நடக்கட்டும். பிற்பகல் ஒத்திகைக்குப் பள்ளிச் சீருடையில் வரும் எவரையும் சும்மா உள்ளே விடட்டும்.

வலயக் கல்வி அலுவலகமும் பாடசாலைச் சங்கீத ஆசிரியர்களும் முன்கை எடுத்தால், வரும் கலைஞர்களின் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் பெற்றோர் நாங்கள் பொறுப்பேற்கிறோம்.

இப்படிக்கு,
வயலின் பயிலும் மாணவியின் தந்தை,
கொக்குவில்.