சனம் ஏற்காது என்கிறீர்கள், சனத்திடம் எப்போது கேட்டீர்கள்?

இலங்கைப் பாராளுமன்றத்தில் இருக்கும் தமிழ் பேசும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்பும்போதெல்லாம் ஒரு பதில் ஆயத்தமாக வந்து நிற்கும்: "நியாயம்தான், ஆனால் எங்கட சனம் ஏற்காது." அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

இன்றும் எங்களை ஆள்வது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அல்லாமல் கருவைக் கலைத்தால் மூன்று வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் இதுதான். வன்புணர்வால் தரித்த கருவுக்குக்கூட விலக்கு இல்லை. எழுதினவன் வெள்ளைக்காரன், அவன் எங்கள் பாட்டிமாரின் அபிப்பிராயத்தைக் கேட்டா எழுதினான்? தன் நாட்டுச் சட்டத்தை 1967இல் தளர்த்திவிட்டான். ஏறக்குறைய இதே வாசகத்தை வைத்திருந்த இந்தியாவும் 1971இல் வேறு சட்டம் கொண்டுவந்துவிட்டது. நாங்களோ இன்னும் அந்தப் பழைய தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

1995இல் ஒரு திருத்தம் பாராளுமன்றம் வரை வந்து, எதிர்ப்பைக் கண்டதும் கைவிடப்பட்டது. 2017இல் வன்புணர்வு, பிழைக்க வாய்ப்பில்லாத கரு போன்ற சில நிலைமைகளுக்கு மட்டும் விலக்குக் கேட்டு ஒரு யோசனை வந்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், பௌத்த பிக்குமாரும் எதிர்த்தார்கள், கோப்பு அலுமாரிக்குள் போய்விட்டது. மதகுருமார் தங்கள் நம்பிக்கையைச் சொல்வது அவர்களின் உரிமை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர்களின் அறிக்கையையே சனத்தின் தீர்ப்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டது எப்படி?

எங்கள் ஊரில் நான் கண்டதைச் சொல்கிறேன். கோயில் வீதியில் நின்று "அது பாவம், கொலை" என்று கதைக்கிற அதே ஆள், தன் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று நடந்துவிட்டால் இருட்டின பிறகு வந்து, "நல்ல டொக்டர் ஆரும் தெரியுமோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். அவரைக் கள்ளர் என்று நான் சொல்ல மாட்டேன். பொதுவாகக் கேட்டால் ஒரு பதில், பெயரும் முகமும் உள்ள ஒருத்தியை வைத்துக் கேட்டால் வேறு பதில். இரண்டும் அவருடைய உண்மையான அபிப்பிராயம்தான். உங்கள் காதுக்கு வருவது கோயில் வீதிப் பதில் மட்டும்.

நாளொன்றுக்கு 658 கருக்கலைப்புகள் என்பது 1990களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட ஒரு மதிப்பீடு. கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். ஒளித்துச் செய்வதை ஆர் எண்ணுவது? இப்படிக் கலைத்தவர்களில் பெரும்பாலானோர் கல்யாணம் முடித்த பெண்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே இரண்டு மூன்று பிள்ளைகளோடு இருக்கிறவர்கள். காசுள்ளவள் இந்தியாவுக்குப் பறக்கிறாள். இல்லாதவள் பெயர் தெரியாத குளிசையை வாங்கி விழுங்கி, இரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, பொலிசுக்குப் பயந்து பொய் சொல்கிறாள்.

சரி, உண்மையிலேயே சனத்திடம் கேட்டால்? கொழும்பில் சில வருடங்களுக்கு முன் பொதுமக்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வன்புணர்வு, முறைதகாப் புணர்ச்சி (நெருங்கிய இரத்த உறவினருக்குள் நடப்பது), பிழைக்காத கரு ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும் என்றவர்கள் பாதிக்கு மேல். வறுமை, கருத்தடை பிழைத்தது போன்ற காரணங்களை ஏற்றவர்கள் மிகச் சிலர். நடப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பதே பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. மூன்று பிள்ளைக்காரியை இந்த முடிவு கைவிடுவதால் எனக்கு இது முழுதாகப் பிடித்த முடிவில்லை. ஆனாலும் 2017இல் நீங்கள் மூடிவைத்த யோசனையின் முக்கியமான பகுதிகள் இந்தப் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்றவைதானே. அப்போ எந்தச் சனம் ஏற்காது?

அயர்லாந்தைப் பாருங்கள். எங்கள் ஆயர்கள் அந்நியமாக நினைக்க முடியாத கத்தோலிக்க நாடு. 1983இல் கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்பில் சேர்க்க 66.9 வீதமானோர் வாக்களித்தார்கள். 2012இல், கரு கலைந்துகொண்டிருந்த நிலையில் கலைத்துவிடச் சொல்லிக் கேட்டும் மறுக்கப்பட்டு, சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் வைத்தியர் கால்வே நகரில் இறந்தார். வயது 31. அதன்பிறகு சாதாரண குடிமக்கள் 99 பேரை அழைத்து ஒரு மன்றத்தில் இருத்தி, வைத்தியர்களையும் பெண்களையும் எதிர்ப்பாளர்களையும் மாதக்கணக்காகக் கேட்க வைத்தார்கள். 2018 வாக்கெடுப்பில் 66.4 வீதமானோர் அதே தடையை நீக்கினார்கள். 35 வருடத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. அங்குள்ள அரசியல்வாதிகள் பலர் கடைசிவரை தயங்கித்தான் நின்றார்கள்.

எங்கள் நாட்டில் சர்வசன வாக்கெடுப்பு ஒரேயொரு தடவைதான் நடந்தது. 1982இல், பாராளுமன்றம் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொள்ள. அதனால் வாக்கெடுப்பு வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. சட்டமூலம் வரும்போது கட்சிக் கட்டளை இல்லாமல் மனச்சாட்சிப்படி வாக்களிக்க விடுங்கள். அதற்கு முன் கிளிநொச்சி, மட்டக்களப்பு, நுவரெலியா என்று போய், தமிழிலேயே கேளுங்கள். குடும்பநல உத்தியோகத்தர்களைக் கூப்பிடுங்கள். ஒரு கிராமத்தின் உண்மையான அபிப்பிராயம் அவர்களுக்குத் தெரியும். பெண்கள் பேசும்போது ஆண்களை வெளியே இருத்துங்கள், கமராவையும்.

நுவரெலியாக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். கொழுந்து பறிக்கிற நாளில் வைத்தால் தோட்டத்திலிருந்து தலைவர்மார் மட்டும்தான் வருவார்கள்.

இப்படிக்கு,
வாக்குச்சீட்டில் ஒருபோதும் இதைக் கேட்கப்படாத ஒருத்தி